யூனிட் எகிறினால் எங்கே பார்ப்பது: வீட்டு மின் மீட்டருக்கு அறிகுறி வாரியான சோதனை

ஈபி பில் கூடி வந்தால் பலரும் முதலில் சொல்வது "மீட்டர் வேகமா ஓடுது" என்பதுதான். உண்மையில் மீட்டர் கெட்டு அதிகம் காட்டுவது அரிது. வயரிங் பிழை, ஓயாமல் ஓடும் ஏதோ ஒரு சாதனம், ரீடிங்கைத் தவறாகப் படித்தது ஆகியவைதான் பெரும்பாலான காரணங்கள். எது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். வரிசை மாறாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டு வீடுகளில் உள்ள மின்னணு மீட்டருக்கும் ஸ்மார்ட் மீட்டருக்கும் பொருந்தும். சக்கரம் சுழலும் பழைய மீட்டருக்குப் பொருந்தாது.

ஒரு எச்சரிக்கை. மீட்டரின் சீலையும் அடியில் உள்ள டெர்மினல் மூடியையும் தொடவே கூடாது. மீட்டரில் கை வைப்பது 2003 மின்சாரச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி குற்றம். கீழே உள்ள சோதனைகள் எல்லாம் மீட்டரைக் கண்ணால் பார்த்தும், வீட்டுக்குள் இருக்கும் சுவிட்சுகளை அணைத்தும் செய்பவை. கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கருவி) வேலை வந்தால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

முதலில் திரையைப் படிக்கத் தெரிய வேண்டும்

திரை சில வினாடிக்கு ஒரு முறை தானாக மாறும். பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் அடுத்த பக்கத்துக்குப் போகும். கம்பெனிக்குக் கம்பெனி வரிசை மாறும். பொதுவாக எல்லாக் கட்டமும் எரியும் திரைச் சோதனை, தேதி, நேரம், மொத்த யூனிட், அதிகபட்சத் தேவை, வோல்டேஜ், கரண்ட், பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்ற விகிதம்) என்று வரும்.

சில மீட்டர்களில் பெயருக்குப் பதில் எண் குறியீடு மட்டும் தெரியும். 1.8.0 என்றால் வாங்கிய மொத்த யூனிட். பில்லுக்கு உரியது இதுதான். 2.8.0 வெளியே அனுப்பிய யூனிட், சோலார் உள்ளவர்களுக்கு மட்டும். 1.7.0 இந்த நொடியில் ஓடும் கிலோவாட். 12.7.0 வோல்டேஜ், 11.7.0 ஃபேஸ் கரண்ட் (வீட்டுக்குள் வரும் வயரில் ஓடுவது), 91.7.0 நியூட்ரல் கரண்ட் (திரும்பிப் போகும் வயரில் ஓடுவது). இந்தக் கடைசி இரண்டையும் நன்றாக நினைவில் வையுங்கள். பாதிச் சிக்கல்கள் இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் ஒளிந்திருக்கும்.

திரைக்கு அருகில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். அதன் பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3200 பரவலானது. 1600, 6400 என்றும் உண்டு. 3200 துடிப்பு மீட்டரில் கணக்கு எளிது: 10 துடிப்புக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். 11,250-ஐ அந்த வினாடியால் வகுத்தால் இப்போது வீட்டில் ஓடும் வாட் கிடைக்கும். 45 வினாடி என்றால் 250 வாட். 1600 மீட்டருக்கு 22,500-ஐயும், 6400-க்கு 5,625-ஐயும் வகுக்க வேண்டும்.

அறிகுறி: பில்லில் உள்ள ரீடிங்கும் மீட்டரில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை

மீட்டர் எண்ணையும் மின் இணைப்பு எண்ணையும் முதலில் சரிபாருங்கள். நான்கைந்து மீட்டர் ஒரே பலகையில் இருக்கும் வீடுகளில் பக்கத்து மீட்டரின் ரீடிங் மாறி ஏறுவது உண்டு. இரண்டு வீட்டுக்காரரும் மெயினை மாற்றி மாற்றி அணைத்து, எந்த மீட்டரின் துடிப்பு நிற்கிறது என்று பார்த்தால் எது யாருடையது என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது புள்ளி. திரையில் 04582.6 என்று இருந்தால் ரீடிங் 4582. புள்ளியைக் கவனிக்காமல் 45826 என்று எழுதிவிட்டால் கணக்கே தலைகீழாகும். அதேபோல் சில மீட்டர்கள் யூனிட்டுக்கு அடுத்த பக்கத்தில் கிலோவோல்ட்-ஆம்பியர்-மணியையும் காட்டும். அந்த எண் எப்போதும் யூனிட்டுக்குச் சமமாகவோ கூடவோதான் இருக்கும். அதை ரீடிங் என்று எடுத்துவிடக் கூடாது.

கதவு பூட்டியிருந்தது என்று முந்தைய பயன்பாட்டை வைத்துப் பில் போட்டிருந்தால், அடுத்த முறை உண்மை ரீடிங் எடுக்கும்போது நேராகிவிடும். அந்த ஒரு பில்லை வைத்து மீட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். கணக்கீட்டாளர் வரும் நாளில் தேதியும் மீட்டர் எண்ணும் தெரியும்படி திரையைப் போட்டோ எடுத்து வைப்பது நல்ல பழக்கம். வெள்ளை அட்டையில் எழுதும் வழக்கம் குறைந்துவிட்ட பிறகு இதுதான் கையிருப்புச் சான்று.

அறிகுறி: போன தடவையை விட யூனிட் கொஞ்சம்தான் கூடியது, தொகை மட்டும் நிறையக் கூடிவிட்டது

இது மீட்டர் விஷயமே இல்லை. கட்டண அடுக்கு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டியவுடன் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த கட்டணம் போய்விடும். 2022 செப்டம்பர் கட்டணப்படி கணக்கிட்டால், 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். அதன்பின் விலைகள் மாறியிருக்கின்றன. ஆனாலும் அடுக்கு தாண்டினால் பில் இப்படித்தான் குதிக்கும்.

ஆகவே யூனிட்டை மட்டும் பார்க்காமல் நாட்களையும் பாருங்கள். இரண்டு ரீடிங்குக்கும் இடையில் 60 நாளா, 66 நாளா? மொத்த யூனிட்டை நாளால் வகுத்து, நாள் சராசரியை முந்தைய பில்லின் சராசரியோடு ஒப்பிட வேண்டும். சராசரி மாறாமல் நாள் மட்டும் கூடி அடுக்கு தாண்டியிருந்தால், தேதிகளைக் காட்டிப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள்.

அறிகுறி: எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சிவப்பு விளக்கு மினுக்குகிறது

இங்கே நிதானமாகப் போக வேண்டும். சோதனை இரண்டு படி. முதல் படியை விட்டுவிட்டு நேரே மெயினை அணைப்பவர்கள் முக்கியமான தடயத்தை இழந்துவிடுகிறார்கள்.

முதல் படி: மெயின் போட்டபடியே இருக்கட்டும். டி.பி. பெட்டியில் (மின்சாரத்தை வீட்டு லைன்களுக்குப் பிரிக்கும் பெட்டி) உள்ள எல்லாச் சிறிய எம்.சி.பி.களையும் (சுமை மீறினால் தானே விழும் சுவிட்சுகள்) அணையுங்கள். இவை பெரும்பாலும் ஃபேஸை மட்டும் துண்டிப்பவை. நியூட்ரல் அப்படியே மீட்டரோடு இணைந்திருக்கும். இப்போது மீட்டரில் ஃபேஸ் கரண்டையும் நியூட்ரல் கரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் துடிப்பையும் பாருங்கள்.

இரண்டாம் படி: மெயினை அணையுங்கள். மெயின் இரட்டைத் துருவம் என்றால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் போய்விடும். மறுபடி அதே எண்களைப் பாருங்கள்.

இரண்டு படியிலும் துடிப்பு இல்லை, கரண்ட் பூஜ்யம் என்றால் மீட்டரும் மெயின் வயரும் நலம். முன்பு மினுக்கியது வீட்டுக்குள் ஏதோ ஒரு சாதனத்தால். எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகப் போட்டு, எந்த வரிசையில் துடிப்பு தொடங்குகிறது என்று பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடும்.

முதல் படியில் ஃபேஸ் பூஜ்யம், நியூட்ரலில் மட்டும் கரண்ட், துடிப்பும் இருக்கிறது. இரண்டாம் படியில் நின்றுவிட்டது. இது வேறொரு மீட்டரின் கரண்ட் நம் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது என்பதற்கு நேரடிச் சான்று. அடுத்த பகுதி முழுக்க இதைப் பற்றித்தான்.

முதல் படியில் ஃபேஸில் கரண்ட் இருந்து, இரண்டாம் படியில் நின்றால், டி.பி.க்கு முன்னாலேயே ஏதோ ஒரு கிளை போகிறது. படிக்கட்டு விளக்கு, மோட்டார், இன்வெர்ட்டர் மூன்றில் ஒன்றாக இருக்கும். பழைய வீடுகளில் மோட்டாருக்கு மெயினிலிருந்தே தனி லைன் எடுத்திருப்பார்கள்.

மெயினை அணைத்த பிறகும் துடிப்பு தொடர்ந்தால் மீட்டருக்கும் மெயினுக்கும் இடையிலான வயரில் கசிவு இருக்கலாம், யாராவது அங்கே கொக்கி போட்டிருக்கலாம், அல்லது மீட்டரே பழுது. இந்த இடத்துக்கு வந்துவிட்டால் நீங்களோ எலக்ட்ரீஷியனோ மேற்கொண்டு எதையும் பிரிக்க வேண்டாம். பிரிவு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-இலும் புகார் பதியலாம்.

ஒன்று தெளிவாக இருக்கட்டும்: விளக்கு அசையாமல் நிலையாக எரிந்தால் சுமை இல்லை என்று காட்டும் மீட்டர்களும் உண்டு. கணக்கில் வருவது துடிப்பு மட்டும்.

அறிகுறி: மீட்டரில் எர்த் விளக்கு எரிகிறது, அல்லது ஃபேஸ் கரண்டும் நியூட்ரல் கரண்டும் வேறு வேறு

நம் நாட்டு ஒற்றை ஃபேஸ் மீட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலும் கரண்டை அளக்கும். சரியான வயரிங்கில் இரண்டும் சமம். சமமாக இல்லாவிட்டால் எர்த் விளக்கு எரியும், எது அதிகமோ அதை வைத்துத்தான் யூனிட் ஏறும். நியூட்ரலை எர்த்துக்கு மாற்றித் திருடுவதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது. ஆனால் திருட்டு எண்ணமே இல்லாத வீட்டிலும் வயரிங் பிழை இருந்தால் இதே விதி பில்லைக் கூட்டிவிடும்.

மாடி வீடுகளில் அடிக்கடி காணும் பிழை இது. கீழ்த் தளத்துக்கு ஒரு மீட்டர், மாடிக்கு ஒரு மீட்டர். பின்னால் இன்வெர்ட்டர் வாங்கிக் கீழே வைக்கிறார்கள். இன்வெர்ட்டருக்கான ஃபேஸ் கீழ் மீட்டரிலிருந்து. அதிலிருந்து மாடி விளக்குகளுக்கும் ஃபேன்களுக்கும் ஒரு லைன் மட்டும் மேலே போகிறது. நியூட்ரல் ஏற்கெனவே மாடியில் இருக்கிறதே என்று அதையே விட்டுவிடுகிறார்கள். கரண்ட் கீழ் மீட்டரின் ஃபேஸில் புறப்பட்டு மாடி மீட்டரின் நியூட்ரலில் திரும்புகிறது.

இரண்டும் ஒரே ஃபேஸில் இருக்கும் வீட்டில் எண்கள் இப்படித் தெரியும். கீழ் மீட்டர்: ஃபேஸ் 3.1 ஆம்பியர், நியூட்ரல் 1.4. மாடி மீட்டர்: ஃபேஸ் 0.2, நியூட்ரல் 1.9. இரண்டிலும் வித்தியாசம் 1.7. கீழ் மீட்டர் 3.1-க்கு எண்ணும், மாடி மீட்டர் 1.9-க்கு எண்ணும். அந்த 1.7 ஆம்பியர் இரண்டு மீட்டரிலும் ஏறுகிறது. அது ஏறத்தாழ 350 வாட். நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 126 யூனிட் இரண்டாவது முறையாக எண்ணப்படும். ஒரே வீட்டுக்காரர் இரண்டு பில்லும் கட்டினால் அதே மின்சாரத்துக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறார்.

இரண்டு மீட்டரின் வித்தியாசமும் ஒரே அளவு, எதிரெதிர் திசை என்றால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. நியூட்ரல் கலந்திருக்கிறது. தீர்வு: மாடிக்குப் போகும் இன்வெர்ட்டர் லைனோடு கீழ் மீட்டரின் நியூட்ரலும் சேர்ந்தே போக வேண்டும். மாடியில் அந்த விளக்குகளின் நியூட்ரலை மாடி நியூட்ரல் கட்டையிலிருந்து பிரித்து இதில் சேர்க்க வேண்டும். ஒரு நாள் வேலை. சுவர் உடைக்க நேராது. பைப்பில் இன்னொரு வயர் போக இடமிருந்தால் போதும்.

இந்தப் பிழை உள்ள வீட்டுக்கு இன்னொரு அடையாளம்: ஆர்.சி.சி.பி. (கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) போட்டால் உடனே விழும். அது விழுவது இந்த வித்தியாசத்தைக் கண்டுதான். "நிக்கவே மாட்டேங்குது" என்று அதைக் கழற்றி நேராக இணைத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். உயிர் காக்கும் சாதனத்தை எடுத்துவிட்டுப் பிழையை அப்படியே வைப்பது அது. ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பக்கத்தில் வேறு மீட்டரே இல்லை, ஆனாலும் ஃபேஸ் கூடுதல், நியூட்ரல் குறைவு என்றால் கரண்ட் பூமிக்குக் கசிகிறது. தண்ணீர் புகுந்த போர்வெல் மோட்டார் கேபிள், துருப்பிடித்த கீசர் காயில், ஈரச் சுவருக்குள் தோல் உரிந்த வயர் ஆகியவை வழக்கமான இடங்கள். அளவைப் பாருங்கள்: 230 வோல்ட்டில் அரை ஆம்பியர் இடைவிடாமல் கசிந்தால் நாளுக்கு 2.76 யூனிட், 60 நாளில் சுமார் 165. இரண்டு ஆம்பியர் என்றால் நாளுக்கே 11 யூனிட். பணத்தை விட ஆபத்து பெரிது. கீசர் உடலைத் தொட்டால் விறுவிறுப்பது, குழாயில் ஷாக் அடிப்பது எல்லாம் இதே கசிவின் மறுமுகம்.

கண்டுபிடிக்க எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகப் போட்டு, எதைப் போட்டதும் ஃபேஸும் நியூட்ரலும் விலகுகின்றன என்று மீட்டரில் பாருங்கள். மில்லி ஆம்பியர் அளவுக் கசிவு மீட்டர் திரையில் தெரியாது. அதற்குக் கசிவு அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். பூஜ்யம் காட்டினால் கசிவு இல்லை.

அறிகுறி: வீட்டில் பெரிதாக எதுவும் ஓடுவதில்லை, ஆனால் 100 யூனிட் இலவசம் போதவில்லை

இரவு எல்லோரும் படுத்த பிறகு, ஃபேனை ஒரு நிமிடம் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் நின்றிருக்கும் நேரத்தில் 10 துடிப்பை அளந்து வாட்டைக் கணக்கிடுங்கள். அதுதான் வீட்டின் அடிச்சுமை. ஓயாமல் ஓடும் ஒவ்வொரு 10 வாட்டும் இரண்டு மாதத்தில் 14.4 யூனிட். அடிச்சுமை 70 வாட் இருந்தாலே இலவச 100 யூனிட்டும் அதிலேயே போய்விடுகிறது.

செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் அணைத்தாலும் பெரும்பாலும் 10 வாட் அளவுக்கு இழுத்துக்கொண்டேதான் இருக்கும். வைஃபை ரவுட்டர், கேமரா ரெக்கார்டர், ஆர்.ஓ. வாட்டர் ஃபில்டர் அடாப்டர், சுவிட்ச் போட்டபடி கிடக்கும் ஏசி எல்லாம் சேரும். மிகப் பெரிய ஒளிந்திருப்பவர் தேய்ந்துபோன இன்வெர்ட்டர் பேட்டரி. நல்ல பேட்டரி நிறைந்ததும் சார்ஜர் அடங்கிவிடும். தேய்ந்தது நிறையவே நிறையாது; இரவு பகலாகச் சில ஆம்பியர் வாங்கிக்கொண்டே இருக்கும். பேட்டரிப் பக்கத்தைத் தொட்டுச் சூடாக இருக்கிறதா, தண்ணீர் மாதம் ஒரு முறை ஊற்ற வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போகாத ஒரு நாளில் இன்வெர்ட்டர் பிளக்கைப் பிடுங்கி, அதற்கு முன்னும் பின்னும் வாட்டை அளந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அறிகுறி: கோடையில் மட்டும் எகிறுகிறது

ஏசி என்று எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது மோட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மீட்டரிலிருந்து ஏறத்தாழ 1 முதல் 1.1 கிலோவாட் இழுக்கும். போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கினால் அதே தொட்டியை நிரப்ப 25 நிமிடத்துக்குப் பதில் 50 நிமிடம் ஓட வேண்டிவரும். தொட்டி நிரம்பும் நேரத்தை மாதம் ஒரு முறை குறித்து வையுங்கள். நேரம் திடீரென்று கூடினால் நீர்மட்டம், குழாய் ஓட்டை, தேய்ந்த இம்பெல்லர் என்று வரிசையாகப் பார்க்கலாம். மேல்தொட்டி மிதவை வால்வு ஒழுகினாலோ, கழிவறைத் தொட்டி ஓயாமல் சொட்டினாலோ அதுவும் மின்சாரமாகத்தான் போகிறது.

ஃபேனில் மிச்சம் உண்டு. பழைய சீலிங் ஃபேன் 70 முதல் 80 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் (மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் உள்ளது) 28 முதல் 35 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 30 யூனிட்டுக்கு மேல் குறையும். எப்போதாவது ஓடும் விருந்தினர் அறை ஃபேனை மாற்றுவது வீண் செலவு.

அறிகுறி: புது மீட்டர் மாற்றியதிலிருந்து அதிகம் வருகிறது

பழைய சக்கர மீட்டர் தேய்ந்துபோனால் சிறு சுமையில் சக்கரமே நகராது. மின்னணு மீட்டர் 20 மில்லி ஆம்பியரிலேயே, அதாவது 5 வாட்டுக்கும் குறைவான சுமையிலேயே எண்ணத் தொடங்கிவிடும். ஆக, புது மீட்டர் கூட்டிக் காட்டவில்லை. பழையது விட்டுவிட்டதை எண்ணுகிறது. நியூட்ரல் கலப்பும் பழைய மீட்டரில் தெரியாமல் இருந்து, இரண்டு கரண்டையும் அளக்கும் புது மீட்டரில் வெளிப்படும்.

அப்படியும் சந்தேகம் இருந்தால் தெரிந்த சுமையை வைத்துச் சோதிக்கலாம். ஒரே ஒரு 16 ஆம்பியர் சாக்கெட்டின் எம்.சி.பி. தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்து, அந்தச் சாக்கெட்டில் பிளக்-இன் மீட்டரை (சாக்கெட்டில் செருகி ஒரு சாதனத்தின் யூனிட்டை அளக்கும் கருவி) செருகி, அதில் பக்கெட் தண்ணீரில் வைத்த 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடைப் போடுங்கள். போட்டிருக்கும்போது தண்ணீரைத் தொடக் கூடாது. அயர்ன் பாக்ஸும் கீசரும் சரிவராது. தெர்மோஸ்டாட் நடுவில் அணைத்துவிடும். 15 நிமிடம் ஓட்டி, மீட்டர் துடிப்பை எண்ணி, பிளக்-இன் மீட்டர் காட்டும் யூனிட்டோடு ஒப்பிடுங்கள். 3200 மீட்டரில் 0.1 யூனிட்டுக்கு 320 துடிப்பு.

ராடில் எழுதியிருக்கும் 1000 வாட்டோடு ஒப்பிடாதீர்கள். அது 230 வோல்ட்டுக்கு எழுதியது. 210 வோல்ட் வரும் தெருவில் அதே ராட் 834 வாட் மட்டுமே எடுக்கும். இந்தச் சோதனையில் மீட்டர் 'குறைவாக' ஓடுவதாகத் தோன்றுவதற்கும், 245 வோல்ட்டில் 'அதிகமாக' ஓடுவதாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். கடையில் வாங்கும் பிளக்-இன் மீட்டருக்கே சில சதவீதப் பிழை இருக்கும் என்பதால் 2, 3 சதவீத வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம். மறுபடி மறுபடி செய்தும் 10 சதவீதம் வந்தால் மீட்டர் சோதனைக்கு மனுக் கொடுங்கள்.

மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-இல் செய்த திருத்தம் இங்கே கைகொடுக்கும்: ரீடிங் உண்மைப் பயன்பாட்டோடு ஒத்துப்போகவில்லை என்று புகார் கொடுத்தால், 5 நாளுக்குள் ஒரு கூடுதல் மீட்டரை வைத்து, குறைந்தது 3 மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மனுவில் இந்த விதியைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

அறிகுறி: ஸ்மார்ட் மீட்டர் வீட்டில் கரண்ட் போய்ப் போய் வருகிறது, அக்கம்பக்கத்தில் இருக்கிறது

ஸ்மார்ட் மீட்டருக்குள் ஒரு துண்டிப்பு ரிலே (தானே இயங்கும் சுவிட்ச்) உண்டு. அனுமதிக்கப்பட்ட மின்பளுவை மீறினால் அது துண்டிக்கும்படி அமைக்க முடியும். துண்டித்தபின் குறித்த இடைவெளியில் சில முறை தானே இணைத்துப் பார்க்கும். சுமை அப்படியே இருந்தால் சிறிது நேரம் பூட்டிக்கொள்ளும். ஆகவே போன உடனே கீசர், ஏசி, அயர்ன், மோட்டார் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் காத்திருங்கள். சுமையைக் குறைக்காமல் காத்திருப்பதில் பயனில்லை.

அதிகபட்சத் தேவை என்று திரையில் வரும் எண் ஒரு நொடி உச்சம் அல்ல. அரை மணி அல்லது கால் மணி நேரத் தொகுப்பின் சராசரியில் பெரியது. ஏசி 1.6, கீசர் 2, மோட்டார் 1.1, அயர்ன் 1 என்று எல்லாம் ஒன்றாக ஓடினால் 5.7 கிலோவாட். ஆனால் கீசர் 8 நிமிடம் மட்டும் என்றால் சராசரி வெகுவாகக் குறையும். கீசர் ஓடும்போது மோட்டாரைப் போடாமல் இருப்பதே பெரும்பாலும் போதும். அதே நுகர்வோர் உரிமை விதிகளின் 2023 ஜூன் திருத்தத்தின்படி, ஸ்மார்ட் மீட்டர் வைப்பதற்கு முந்தைய காலத்துக்கு, புது மீட்டர் காட்டும் அதிகபட்சத் தேவையை வைத்து அபராதம் போட முடியாது.

ஆப்பில் நேற்றைய எண் தெரிவது பழுதல்ல. மீட்டர் மொபைல் சிக்னலிலோ வானொலி வலையிலோ தொகுப்புகளாகத்தான் அனுப்பும். சிக்னல் விட்டுப்போனாலும் தரவு மீட்டருக்குள் இருக்கும், பிறகு போய்ச் சேரும். ஆப்புக்கும் திரைக்கும் வேறுபாடு வந்தால் திரையை நம்புங்கள்.

அறிகுறி: சோலார் போட்டும் பில் குறையவில்லை, கூடிவிட்டது

இருவழி மீட்டர் வைப்பதற்கு முன்பே சோலாரை ஓட்டினீர்களா என்பது முதல் கேள்வி. சாதாரண மீட்டர் கரண்ட் எந்தத் திசையில் போனாலும் கூட்டியே எண்ணும். திருட்டைத் தடுக்க அப்படி வடிவமைத்தது. நீங்கள் வெளியே அனுப்பிய ஒவ்வொரு யூனிட்டும் வாங்கியதாக ஏறியிருக்கும். இருவழி மீட்டர் வந்து, அதில் 2.8.0 நகர்வதைக் கண்ணால் பார்க்கும்வரை சோலார் இன்வெர்ட்டரை அணைத்தே வையுங்கள். நிறுவுபவர் "சும்மா ஓட்டிப் பாக்கலாம்" என்றாலும் சம்மதிக்க வேண்டாம்.

இருவழி மீட்டர் இருக்கிறது, ஆப் 12 யூனிட் உற்பத்தி என்கிறது, 2.8.0 மட்டும் 5-தான் ஏறியது என்றால் பிழை இல்லை. மீதி 7-ஐ வீடே பகலில் தின்றுவிட்டது. வீட்டின் உண்மைப் பயன்பாடு: உற்பத்தி கழித்தல் வெளியே அனுப்பியது கூட்டல் வாங்கியது.

அறிகுறி: நாமே பொருத்திய கண்காணிப்புக் கருவி மீட்டரோடு ஒத்துப்போகவில்லை

துடிப்பு விளக்கின் மேல் ஒளி உணரி ஒட்டி ஈ.எஸ்.பி. பலகையில் (வைஃபை உள்ள சிறு கணினிப் பலகை) எண்ணுபவர்களுக்கு: ஒளி உணரிகளில் எல்.டி.ஆர். வகை மெதுவானது, ஃபோட்டோ டிரான்சிஸ்டர் வகை நல்லது. பகலில் மட்டும் எண்ணிக்கை கூடினால் வெயில் புகுகிறது; கருப்பு டேப்பால் சுற்றிலும் மூடுங்கள், திரையை மறைக்காமல். எப்போதும் ஏறக்குறைய இரு மடங்கு காட்டினால் ஒரே துடிப்பை இரண்டாக எண்ணுகிறது. நிரலில் 40 மில்லி வினாடி இடைவெளி கொடுங்கள். சுமை கூடும்போது மட்டும் குறைவாகக் காட்டினால் அந்த இடைவெளி அதிகம். 3200 மீட்டரில் 10 கிலோவாட் ஓடினால் துடிப்புகளுக்கு இடையே 112 மில்லி வினாடிதான் இருக்கும்.

கிளாம்ப் வகைக் கருவி பூஜ்யமே காட்டினால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. ஃபேஸ் வயரை மட்டும் சுற்ற வேண்டும். கரண்டை மட்டும் அளந்து 230-ஆல் பெருக்கும் மலிவுக் கருவிகள் மோட்டாரும் எல்.இ.டி.யும் ஓடும்போது கூட்டிக் காட்டும், பவர் ஃபேக்டரைக் கணக்கில் எடுக்காததால். வோல்டேஜையும் சேர்த்து அளக்கும் கருவியை வாங்குங்கள். இரும்பு மீட்டர் பெட்டிக்குள் வைஃபை கருவியை வைத்தால் சிக்னல் விட்டுவிட்டு வரும், இடையிடையே யூனிட் காணாமல் போகும். உணரி மட்டும் உள்ளே, பலகை வெளியே இருக்கட்டும். வாரம் ஒரு முறை மீட்டர் திரை ரீடிங்கைக் கையால் கருவியில் பதிந்து நேர்செய்துகொள்ளுங்கள். ஏசியைக் கண்காணிக்கச் ஸ்மார்ட் பிளக் வாங்கினால் 16 ஆம்பியர் உள்ளதை மட்டும் வாங்குங்கள். 10 ஆம்பியர் பிளக் உருகிவிடக்கூடும்.

அறிகுறி: திரையே வெறுமையாக இருக்கிறது

வீட்டில் கரண்ட் இல்லாதபோது திரை அணைந்திருப்பது இயல்பு. பொத்தானை அழுத்தினால் உள்பேட்டரியில் சிறிது நேரம் எரிந்து ரீடிங் காட்டும் மீட்டர்களும் உண்டு. வீட்டில் கரண்ட் இருந்தும் திரை வெறுமை என்றால் மீட்டர் பழுது. அன்றே புகார் கொடுத்து எண் வாங்கி வையுங்கள். தள்ளிப்போட்டால் அத்தனை நாளுக்கும் முந்தைய பயன்பாட்டுச் சராசரியில்தான் பில் வரும். வீடு பூட்டிக் கிடந்த மாதமாக இருந்தாலும் கட்ட வேண்டிவரும்.

மூன்று ஃபேஸ் மீட்டரில் ஒரு ஃபேஸின் வோல்டேஜ் 180, இன்னொன்று 280 என்று விலகிக் காட்டினால் நியூட்ரல் எங்கோ விட்டிருக்கிறது. யூனிட் கணக்கெல்லாம் பிறகு. மெயினை உடனே அணைத்துவிட்டு மின்னகத்தை அழையுங்கள்; தாமதித்தால் டிவி, ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் கருகிவிடும்.